வந்து பாருங்கள், பிறகு மூடுகிறேன்

விமானத் தகுதிச் சான்று வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பதில் கிடைத்தது. கோயம்புத்தூரில் என் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் நான் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தின் கோப்பு உங்களிடம் இருக்கிறது, அதனால் பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. பதிலில் இரண்டே செய்திகள். உற்பத்தி நிறுவனத்தின் உரிம நகலை இணைக்க வேண்டும். ஆய்வு முடியும்வரை இறக்கையின் அடித்தகட்டையும் எரிபொருள் தொட்டியையும் மூடக் கூடாது.

உற்பத்தி நிறுவனம் என்று ஒன்று இல்லை, ஐயா. பிரித்த பாகங்களாக விற்கும் கிட்டை வாங்கி நானே கட்டுகிறேன் என்று முதல் விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறேன். அமெரிக்காவில் 1950-களிலிருந்து இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. வேலையில் பாதிக்கு மேல் தன் ஆர்வத்துக்காகக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும், அதைப் படமும் குறிப்புமாகக் காட்ட வேண்டும். ஆய்வாளர் பார்த்துச் சான்று தருவார். அப்புறம் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் குறித்துக் கொடுத்த பகுதிக்குள் மட்டும் சோதனைப் பறப்பு. ஒரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனத்தின் கிட்களில் இருந்து மட்டுமே 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படிப் பறந்திருக்கின்றன.

சரி, அந்தக் காகிதத்தை எப்படியாவது பேசித் தீர்க்கலாம். என்னை எழுத வைத்தது இரண்டாவது செய்திதான்.

மூடக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. மூடிவிட்டால் உள்ளே ஸ்பார் என்ற நீள உத்தரமும் ரிப் என்ற குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று யாராலும் நன்றாகப் பார்க்க முடியாது. அதனால்தான் மூடுவதற்கு முன்பே நானாக உங்களை அழைத்தேன். ஆனால் மூடாதே என்று சொல்பவர்கள் வந்து பார்க்க வேண்டாமா?

இறக்கையின் முன்விளிம்பில் பக்கத்துக்குச் சுமார் 80 லிட்டர் பிடிக்கும் தொட்டி இருக்கிறது. அதன் ஒவ்வொரு ரிவெட்டையும் பாலிசல்ஃபைடு சீலண்ட் தடவித்தான் அடிக்க வேண்டும். இரண்டு பொருட்களைக் கலந்து செய்யும் பசை அது. நான் வாங்கிய வகையைக் கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். கலக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தாலும் காலாவதித் தேதி உண்டு. தொட்டியை மூட வைத்திருந்த டப்பாக்கள் உங்கள் வருகைக்குக் காத்திருந்தே காலாவதியாகிவிட்டன. தூக்கி எறிந்தேன். பழைய சீலண்டைத் தடவி ஒப்பேற்றினால் எரிபொருள் கசியும். அந்த விமானத்தில் உட்காரப் போவது நானும் என் வீட்டாரும்தான். இனி மறுபடி இறக்குமதி, சுங்கம், செலவு.

அடித்தகடு இன்னும் சிரமம். ஒருவர் வெளியே ரிவெட்டின் தலையை அடிக்கும் ரிவெட் கன்னைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் தகட்டை லேசாக வளைத்துப் பிடித்த இடைவெளியில் தோள்வரை கையை நுழைத்து, பார்க்காமலே பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் கை உள்ளே போகாது. மேல்தகடுகள் முழுவதையும் என் மகளோடுதான் அடித்தேன். கன்னின் சத்தத்தை வைத்தே ரிவெட் படிந்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். ஜூலையில் அவள் வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறாள். ஜூனிலேயே பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று உள்ளே வந்துவிடும். திறந்து கிடக்கும் அலுமினியத்துக்கு அது நல்லதல்ல. ஆகவே கேட்கிறேன்: வந்து பாருங்கள்.

இது என் ஒருவனுடைய பாடு அல்ல. மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ் 2011-ல் பதிவு கேட்டார். கிடைத்தது 2017-ல். பறக்க அனுமதி 2019-ல். நடுவில் 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதே விமானம் காட்சிக்கு நின்றது. காட்டிப் பெருமைப்பட நமக்கு நேரம் இருந்தது, கோப்பைப் பார்க்க இல்லை. ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் ஊரடங்குக் காலத்தில் தொடங்கி ஸ்லிங் என்ற நான்கு இருக்கை கிட் விமானத்தைக் கட்டி முடித்து, 2022-க்குள் குடும்பத்தோடு ஐரோப்பாவில் பறந்துவிட்டார். அங்கேயும் கட்டக் கட்ட ஆய்வு உண்டு. ஆய்வாளர் வருகிறார், பார்க்கிறார், கையெழுத்திடுகிறார். இதே மனிதர் இங்கே கட்டியிருந்தால் இன்றைக்கு எந்த மேசையில் காத்திருப்பார் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊர் எங்களுடையது. தகட்டை வெட்டவும் இரும்பைக் கடையவும் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பில் சலுகை கேட்கவில்லை. கண்டிப்பாகப் பாருங்கள், உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். குறை இருந்தால் எழுத்தில் கொடுங்கள், அந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்கிறேன். நேரில் வர ஆள் இல்லையென்றால், உங்கள் சார்பில் பார்க்கத் தகுதியுள்ள ஒரு பொறியாளருக்கு அதிகாரம் கொடுங்கள், அவருடைய பயணச் செலவை நானே ஏற்கிறேன்.

வேலைக் குறிப்பேடும் படங்களும் கொட்டகை மேசையில் தயாராக இருக்கின்றன. ஜூன் முதல் வாரத்துக்குள் ஒரு தேதி குறித்து அனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த நாளானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் விமானம் கட்டும் ஒரு கோவைக்காரன்