மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவி அவர்களே, பொருளாளர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, குடும்பநல உத்தியோகத்தர் அவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாதாந்தக் கூட்டங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் ஒழுங்காக நடந்தன. நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தால் அந்த மாதக் கூட்டம் மட்டும் நடைபெறவில்லை. சுழற்சிக் கடன் நிலுவை பற்றிப் பொருளாளர் பேசுவார். நிலுவைக்காரர் பலர் இன்று முன்வரிசையில் இருப்பதால் நான் அதைத் தொடவில்லை. மண்டபத்துக் கூரை இன்னும் ஒழுகுகிறது.

இவ்வாண்டு சங்கத்தின் நேரத்தை அதிகம் எடுத்தது, வேலைத்திட்டத்தில் எழுதப்படாத ஒரு வேலை. சித்திரையில் அங்கத்தவர் ஒருவர், தன் மார்பில் கட்டி இருப்பதாகத் தலைவியிடம் சொன்னார். அவர் யாரென்று ஊகித்துப் பார்க்க வேண்டாம். அவர் சம்மதித்த அளவே இங்கே சொல்கிறேன். கட்டியைக் கண்டது அதற்கு முந்திய ஆண்டு. 2009 போரில் பட்ட செல் துண்டுதான், அதாவது எறிகணைத் துண்டுதான், நகர்ந்து வந்திருக்கிறது என்று நினைத்திருந்தார். உடலுக்குள் இரும்போடு நடமாடும் ஆட்கள் நிறைந்த ஊரில் அந்த நினைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. நோவும் இல்லை. வற்றாப்பளைப் பொங்கல் முடியட்டும், பெரும்போக விதைப்பு முடியட்டும், மகளின் சாதாரணதரப் பரீட்சை முடியட்டும் என்று நாள் போனது. கணவர் இல்லாத வீட்டில் அம்மா படுத்தால் அடுப்பும் படுக்கும் என்பதை இந்த மண்டபத்தில் விளக்க வேண்டியதில்லை.

அவருக்குப் புற்றுநோய்தான் என்று பின்னர் உறுதியானது. சத்திரசிகிச்சை முடிந்து சிகிச்சை தொடர்கிறது. அவர் வாய் திறந்த பிறகு வேறு சிலரும் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களில் பரிசோதனைக்குப் போன எவருக்கும் புற்றுநோய் இல்லை. ஒருவருக்கு நீர்க்கட்டி, ஒரு இளம் பெண்ணுக்கு இளவயதில் வரும் சாதாரண நார்க்கட்டி, இன்னொருவருக்கு உண்மையாகவே செல் துண்டு. ஆனால் செல் துண்டு என்பதும் படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. மார்பில் வரும் பத்துக் கட்டிகளில் எட்டு ஒன்பது புற்றுநோய் அல்ல என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். மீதி ஒன்றோ இரண்டோ யாருடையது என்பதைக் கையால் தடவிப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. நோகவில்லை என்பதும் ஆறுதல் இல்லை. புற்றுக்கட்டி பெரும்பாலும் நோவில்லாமல்தான் தொடங்கும்.

கட்டியைக் கண்டதற்கும் கிளினிக்குக்குப் போனதற்கும் இடையில் ஒவ்வொருவருக்கும் வந்து சேர்ந்த தகவல்களைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள், பிறகு கோபப்படுவீர்கள். முள்ளுச்சீத்தா இலைக் கசாயம் போதும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. கறுப்பு உள்ளாடைதான் காரணம் என்று இன்னொன்று. எல்லாவற்றிலும் கெட்டது, ‘ஊசி குத்தினால் பரவிவிடும்’ என்ற பேச்சு. கசாயம் குடித்தவரும் கிளினிக்குக்கு வந்தார். ஊசிக்குப் பயந்தவர் வரவில்லை. ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயொப்சி பரிசோதனை இல்லாமல் எந்த வகைப் புற்று, எந்த மருந்து கேட்கும் என்று தீர்மானிக்க முடியாது. அது நோயைப் பரப்புவதில்லை. இதைக் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகச் சொன்னார்; வெளிநாட்டிலிருந்து வந்த குரல் பதிவுக்கு இருந்த மதிப்பு அவருக்கு முதலில் கிடைக்கவில்லை.

எங்கே போவது என்று தெரியாமலே பலர் காலம் கடத்தியதால், வழியை இங்கே பதிவு செய்கிறேன். முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைப் பரிசோதிப்பார்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் அங்கேயே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் கடிதம் தந்து மாவட்ட வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அங்கே வைத்தியரின் பரிசோதனை, படம், பயொப்சி என்று மூன்றும் சேர்ந்துதான் முடிவு. இளவயதினரின் மார்பு இறுக்கமாக இருப்பதால் முதலில் ஒலி அலை ஸ்கான், நாற்பது வயதை ஒட்டியவர்களுக்கும் அதைத் தாண்டியவர்களுக்கும் மமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே. காந்தத்தால் படம் எடுக்கும் எம்ஆர்ஐ செய்யச் சொன்னால் உடலில் செல் துண்டு இருப்பதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேறு ஊர் வைத்தியருக்கு அது கேட்கத் தோன்றாது.

புற்றுநோய் என்றால் எல்லோரும் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகம வைத்தியசாலையையே நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலும் சிகிச்சை உண்டு, தமிழிலேயே பேசலாம். அங்கிருக்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்கு, 2011 இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தவர்கள் பணம் திரட்டினார்கள் என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

பயொப்சி முடிவுக்குக் காத்திருக்கும் காலமே மிகக் கொடியது என்று ஒருவர் தவறாமல் எல்லோரும் சொன்னார்கள். நித்திரை இல்லை, பிள்ளைகளுக்குச் சொல்வதா என்று தெரியவில்லை, ஊர் அறிந்தால் மகளின் கலியாணம் என்னாகும் என்ற பயம் வேறு. இதற்குச் சங்கம் செய்தது மிகச் சாதாரணமானது. கிளினிக்குக்கு ஒவ்வொருவரோடும் ஒருவர் துணை போனோம். போகும் முன் கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொள்ளச் செய்தோம்: என்ன சந்தேகப்படுகிறீர்கள், எந்தப் பரிசோதனை, முடிவு எப்போது வரும், யாரிடம் வாங்க வேண்டும். பதிலைக் கூடப் போனவர் எழுதினார். பயத்தில் இருப்பவருக்கு வைத்தியர் சொல்வதில் பாதி காதில் விழாது. படங்களையும் துண்டுச்சீட்டுகளையும் ஒரே கோவையில் வைத்தோம். கேட்டது வெளியே போகக் கூடாது என்பது துணை போனவர்களுக்கான நிபந்தனை. ஒருவர் அதை மீறினார். அவரை நிர்வாகக் குழு இந்த வேலையிலிருந்து நிறுத்திவிட்டது.

மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான ஒக்டோபரில் இளஞ்சிவப்புச் சட்டை அச்சிட்டு ஊர்வலம் போகலாம் என்று ஒரு பிரேரணை வந்தது. எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பணம் பஸ் கூலிக்கும், துணை போனவர்களின் மதியச் சாப்பாட்டுக்கும் போனது. ஊர்வலத்துக்குப் பதிலாகக் குடும்பநல உத்தியோகத்தர் இதே மண்டபத்தில் கதவைச் சாத்தி, மாதவிடாய் முடிந்து சில நாட்களுக்குள் மாதம் ஒருமுறை மார்பைத் தானே எப்படிப் பார்ப்பது என்று செய்து காட்டினார். தோல் குழி விழுதல், தோடம்பழத் தோல்போல் தடித்தல், காம்பு உள்ளே இழுபடுதல், இரத்தம் கசிதல் எல்லாமே காட்டவேண்டிய அறிகுறிகள். ஆண்களுக்கும் இந்நோய் அரிதாக வரும் என்றபோது சிரிப்பொலி எழுந்தது. அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னதாகப் பலர் பின்னர் தெரிவித்தார்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். போக்குவரத்தும் இழந்த கூலியும்தான் சுமை. பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் புற்றுநோயாளருக்கான மாதாந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் சான்று தேவை. ஜனாதிபதி நிதியத்துக்கும் இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். படிவம் நிரப்ப என்னிடம் வாருங்கள், மாலை நான்கு மணிக்குப் பிறகு.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு பிரேரணைகள். சங்க நிதியில் ஒரு பகுதியை வைத்தியப் பயண நிதியாகத் தனியே வைப்பது, அது கடன் அல்ல. முப்பத்தைந்து வயது தாண்டிய அங்கத்தவர் அனைவரும் சித்திரைக்கு முன் சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருமுறை போவது. நிர்வாகக் குழுவினர் முதலில் போவார்கள், தலைவி உட்பட. இரண்டையும் முன்மொழிகிறேன். வழிமொழிபவர் கையை உயர்த்தவும்.

செயலாளர்