சேவை முடிகிற நாளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக்குத் தன்னார்வலராகப் போவது எப்படி என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்ணப்பம், விசா, தடுப்பூசி எல்லாம் விவரமாக இருந்தது. போன வேலையை எப்படி முடித்துவிட்டு வருவது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் வளர்ந்தவள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே கொழுந்து பறித்தவர் என் அம்மா. ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டின் தெற்கே சோலோ மாவட்டத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை செய்துவிட்டு இந்த ஜூனில் திரும்பினேன். அதுவும் தேயிலைச் சீமைதான். முதுகில் கூடையோடு பெண்கள் சரிவில் நிற்பதைப் பார்த்த முதல் நாள், அம்மா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று தனி முகாம் நடக்கும். மரக்கிளையில் தராசைத் தொங்கவிட்டு எடை பார்த்து, ஹெல்த் பாஸ்போர்ட் என்கிற சின்னப் புத்தகத்தில் குறித்து அம்மா கையிலேயே கொடுத்துவிடுவோம். நான் போய்ச் சேர்ந்தபோது அலமாரியில் எனக்கு முன்னால் இருந்தவருடைய நோட்டுகள் அடுக்கியிருந்தன. எடை குறைந்த குழந்தைகளின் பட்டியல், யாரை எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்ற தேதி, முத்து முத்தான ஆங்கிலக் கையெழுத்து. அவர் விமானம் ஏறிய வாரத்தோடு நின்றுபோயிருந்தது. ஏன் யாரும் தொடரவில்லை என்று கேட்டதற்கு, "அது அவருடைய நோட்டு" என்றார்கள்.

அதைக் கேட்டும் எனக்கு உடனே உறைக்கவில்லை. ஒன்றரை வருடம் நானும் அதே மாதிரி என் நோட்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆறு மாதம் பேனாவை உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் அந்த ஊர் மொழியான சிச்சேவாவில் புதிதாக ஒரு பதிவேடு போட்டார்கள், அதில் முதல் கட்டமே கிராமத் தலைவர் பெயர், ஏனென்றால் கதவு எண் இல்லாத ஊரில் வீட்டைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. எனக்கு அது தோன்றவே இல்லை. அவர்கள் தடுமாறும்போதெல்லாம் எழுந்துபோய் நானே செய்துவிடலாம் என்று கை பரபரக்கும், முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் ஓடிய கை அல்லவா, ஆனாலும் உட்கார்ந்தே இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான், உருப்படியான வேலையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

என்னை அனுப்பிய அமைப்பு திரும்பி வந்ததும் ஒரு படிவம் அனுப்பியது. தங்குமிடத்துக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண், பயண ஏற்பாட்டுக்கு எத்தனை. பதிவேட்டை இப்போது யார் எழுதுகிறார்கள் என்று கேட்கவில்லை. வருத்தமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மலைக்கும் இப்படி ஆட்கள் வருகிறார்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கிராமங்களில் இரண்டு வாரம் தங்கி, பள்ளிச் சுவரில் படம் வரைந்து, பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் போகிற கல்லூரிப் பிள்ளைகள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அக்கா எப்போது வருவாங்க என்று அப்புறம் மாதக்கணக்கில் கேட்கிற குழந்தைக்குப் பதில் சொல்வது அங்கன்வாடி டீச்சர்தான். வருகிறவர்கள் முதல் நாளே என்றைக்குக் கிளம்புவோம் என்று அந்தக் குழந்தைகளிடம் சொல்லட்டும். அனுப்புகிறவர்கள் முந்தைய ஆள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது அடுத்த ஆளைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உள்ளூர் ஆளே பொறுப்பேற்றால் இன்னும் நல்லது. எழுதிவைப்பதெல்லாம் அந்த ஊர் மொழியில் இருக்கட்டும்.

டிசம்பர் 5 சர்வதேசத் தன்னார்வலர் தினம். அன்றைக்கு உங்கள் பத்திரிகையில் ஏதாவது போடுவீர்கள். குன்னூர், கூடலூர், ஊட்டியில் என்னைப் போலத் திரும்பி வந்தவர்கள் இருந்தால், கடைசி மாதத்தில் என்ன செய்தார்கள், யாரிடம் எதை ஒப்படைத்தார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
கோத்தகிரி