காக்கிப் பழமும் கறுத்தக்கொழும்பானும்

மெல்பேர்ண்,
18.05.2025

என்றும் அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் சின்னக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க இணுவில் கந்தனை வேண்டுகிறேன். நீங்கள் சொல்லச் சொல்லச் சின்னக்கா எழுதிய கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் பிழைதான். தொலைபேசியில் நான் கத்துவதும் நீங்கள் "என்ன, என்ன" என்பதுமாகவே முடிந்துவிடுவதால் கடிதமே நல்லது என்று சொன்னவனும் நான்தான்.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். இந்த மாதம் பெரும்பாலும் பழம். என் அறை யன்னலுக்கு நேரே, பின்வளவில், பெர்சிமன் என்றொரு மரம் நிற்கிறது. நம் வீட்டுக் கருங்காலி உலக்கைக்கும் இந்த மரத்துக்கும் ஒரே குலம் என்று வாசித்தபோது நம்ப முடியவில்லை. மாசியில் பச்சைத் தக்காளி போல இலைக்குள் ஒளிந்திருந்த காய்கள் சித்திரையில் மஞ்சளித்து, இப்போது இலையெல்லாம் சிவந்து உதிர்ந்துவிட, வெறுங்கொப்புகளில் செவ்விளநீர் நிறத்தில் தொங்குகின்றன. இங்கே இப்போது குளிர் தொடங்கும் காலம். காலை ஏழு மணிக்கும் சரியாக விடியாது. களஞ்சியத்தில் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதால், தேநீரோடு யன்னலடியில் நின்று மரம் வெளிப்பதைப் பார்க்க நேரம் இருக்கிறது. ஓய்வும் உடம்புக்கு நல்லதுதானே.

நிறத்தைப் பார்த்து ஏமாந்து சென்ற மாதம் ஒன்றைப் பறித்துக் கடித்தேன். வன்னியில் வலைக்குச் சாயமேற்றும் பனிச்சங்காயைக் கடித்தது போல நாக்கும் அண்ணமும் ஒட்டிக்கொண்டன. வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவி வாயைப் பொத்திச் சிரித்தார். அவர் இதைக் 'காக்கி' என்கிறார்; பொலிஸ்காரரின் உடுப்பைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இதில் கடினமாயிருக்கும்போதே சாப்பிடக்கூடிய ஒரு சாதியும், கூழாகக் கனியும்வரை துவர்ப்பு விடாத ஒரு சாதியும் உண்டாம். நமக்கு வாய்த்தது இரண்டாவது. காம்போடு கத்தரிக்க வேண்டும், தோல் தண்ணீர்ப்பை போலக் குழையும்வரை தொடக்கூடாது, பிறகு கரண்டியால் அள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர் சொன்ன பாடம். தன் பக்கம் சாய்ந்த கொப்பிலுள்ள பழங்களுக்கு அவர் தன்னுடைய பழைய நைலோன் காலுறைகளை வெட்டி மாட்டியிருக்கிறார். விடியற்காலை மங்கலில் பார்த்தால் மரத்தில் கால்கள் காய்த்தது போலிருக்கும்.

காலுறை எல்லாம் பொசத்துக்காக. பொசம் என்பது பூனையளவு பிராணி. மரநாயின் முழி, அணிலின் வால், இளஞ்சிவப்பு மூக்கு. இரவில் தகரக்கூரைமீது ஆள் நடப்பது போல நடந்து வந்து, ஒரு பழத்தில் பாதியைத் தின்றுவிட்டு அடுத்ததற்குத் தாவும். இப்போது வருவது முதுகில் குட்டியைச் சுமந்து வரும் தாய். கல்லெறிய முடியாது, சட்டம் காக்கிறது. கூரைக்குள் குடிபுகுந்ததைப் பொறிவைத்துப் பிடித்தாலும் 50 மீற்றருக்குள்ளேயே விடவேண்டும், அதாவது அது மறுநாள் திரும்பி வரும். இங்கிருந்து ரோமத்துக்காக நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே இதே பிராணி அழிக்கவேண்டிய பீடை. மரத்துக்கு வலை போடலாம்தான், ஆனால் வௌவால்கள் சிக்கிச் சாகின்றன என்று, 5 மில்லிமீற்றருக்கு மேல் கண்ணுள்ள வலையை 2021இலிருந்து இந்த மாநிலத்தில் வீட்டு மரங்களுக்குப் போடக்கூடாது. சிறுகண் வலை விலை கூட. நான் வாங்கவில்லை, பழம் நிறைய இருக்கிறதே.

வௌவால் என்றால் நம் இலுப்பையில் தொங்குவது போன்ற பெரிய பழந்தின்னி. நகரத்துத் தாவரவியல் பூங்காவில் குடியிருந்தவற்றை 2003இல் சத்தம் போட்டே கிளப்பி, ஒருவழியாக யாரா ஆற்றோரத்தில் குடியமர்த்தினார்கள். அந்தக் கதையைக் கேட்டபோது, 95இல் சண்டையால் இடம்பெயர்ந்து நாம் இரவோடு இரவாகச் சாவகச்சேரிக்கு நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. பொழுதுபட அவை கூரைக்கு மேலால் போகும், சத்தமே இருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும் அம்மா. நீங்கள் மாங்காயை வைக்கோலுக்குள் வைப்பது போல, நான் ஆறு பழங்களைக் கடதாசிப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு உடுப்பு அலுமாரிக்குள் வைத்தேன். அறையில் கூட இருந்த உரும்பிராய்ப் பெடியன் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டதால் அலுமாரி முழுவதும் இப்போது எனக்குத்தான். நாலாம் நாள் இரவு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது வாழைப்பழம் மட்டுமே மணத்தது. இந்தப் பழத்துக்கு மணமே இல்லை. கனிந்து, தேனாக இனித்து, மணமில்லாமல் இருக்கிறது. நம் வீட்டில் கறுத்தக்கொழும்பான் மா பழுத்தால் படலை திறக்கும்போதே தெரிந்துவிடும். நீங்கள் இருட்டில் கைவிட்டுக் காம்படியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, அணில் கோதியதை எனக்கென்று எடுத்து வைப்பீர்கள். அன்றிரவு பையை மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். களைப்புத்தான், வேறொன்றுமில்லை.

அந்த மரத்தைப் பற்றித்தான் இனி எழுத வேண்டும். கொப்பு தன் கிணற்றுக்கு மேல் வந்து இலை கொட்டுகிறது என்று புளியடி மாமா தறிக்கக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். கிணற்றுக்கு மேல் நிற்கும் ஒற்றைக் கொப்பை, இந்த வருடக் காய் இறங்கிய பிறகு, பெரியப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு வெட்டலாம். அடிமரத்தில் கத்தி படக்கூடாது. வடக்கு வேலியை அரைமுழம் தள்ளி அடைக்க அவர் கேட்டால், அளந்துதான் பேசலாம் என்று சொல்லுங்கள். காணி உறுதி குட்டியம்மாவிடம் இருக்கிறதா, இல்லை அப்பாவின் தகரப் பெட்டியிலா? சின்னக்கா இரண்டையும் பார்த்து, நில அளவைப் படத்தின் இலக்கத்தை எழுதி அனுப்பட்டும். தங்கச்சியின் கலியாண எழுத்துக்கு ஆவணிதான் வசதியென்றால் ஆவணியிலேயே வையுங்கள். என் வரவைப் பார்த்துத் தள்ளவேண்டாம். இந்த மாதக் காசை ஆனி மாதக் காசோடு சேர்த்து அனுப்புகிறேன். இரண்டு தடவை அனுப்பினால் இரண்டு தடவை கட்டணம் வெட்டுகிறார்கள். சங்கக்கடைக் கணக்கை அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

கண் மருந்தை மறக்காமல் விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: புளியடி மாமாவுக்கும் இந்த முறை ஒரு கூடை மாம்பழம் கொடுத்து விடுங்கள். இத்தாலியக் கிழவி எனக்கு நேற்றுக் காலுறையோடேயே நாலு பழம் தந்தார்.