பார்கின்சன் நோயாளியைக் கதிரையில் இருத்தி வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

பார்கின்சன் நோய் என்று வைத்தியர் சொன்னவுடன் எங்கள் ஊரில் பல வீடுகளில் நடப்பது, அந்த மனிதரை விறாந்தைக் கதிரையில் இருத்திவிடுவதுதான். தேத்தண்ணி கைக்கு வரும், சேட்டுப் பொத்தானை மகள் பூட்டிவிடுவா, கிணற்றடிக்குப் போகாதேங்கோ விழுந்துபோவீங்கள் என்று ஆளுக்காள் சொல்லுவார்கள், கனடாவிலிருந்து கதைக்கிற மகனும் "நல்லா ரெஸ்ட் எடுங்கோ அப்பா" என்பார். எல்லாம் பாசத்தில் செய்வது. ஆனால் இந்த நோய்க்கு அது கூடாது. என் கணவருக்கு இந்த நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன, கிளினிக்கில் கூட இருந்து கதைக்கிற குடும்பங்களிடமும் இதையேதான் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கை நடுங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். உடம்பு இறுகுவது, அடி சிறுத்து நடை இழுபடுவது, குரல் தாழ்வது, கையெழுத்து வரவரச் சின்னதாவது எல்லாம் இதே நோய்தான், நடுக்கமே இல்லாமலும் வரும். உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற இரசாயனத்தை மூளையில் சுரக்கிற கலங்கள் அழிவதால் வருகிறது. லெவோடோபா குளிசை அந்தக் குறையை ஈடுசெய்து ஆளை நடமாட வைக்கும், ஆனால் கலங்கள் அழிவதை நிறுத்தாது. குளிசையை நேரம் தவறாமல் போடவேண்டும், மீனோ பருப்போ நிறையச் சாப்பிட்ட கையோடு போட்டால் சிலருக்குச் சரியாக வேலை செய்யாது, வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தவே கூடாது. இதெல்லாம் கிளினிக்கில் சொல்லுகிறார்கள். உடற்பயிற்சியும் குளிசை மாதிரியே தவறாமல் எடுக்கவேண்டியது என்பதுதான் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

2018இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. நோயின் தொடக்கத்தில் இருந்த, இன்னும் மருந்து தொடங்காத 128 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரை ஆறு மாதம் ட்ரெட்மில்லில் நன்றாக மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்க வைத்தார்கள். அவர்களுடைய அறிகுறிகள் கிட்டத்தட்ட அப்படியே நின்றன, வழமைபோல இருந்தவர்களுக்குக் கூடியது. பயிற்சி நோயை மாற்றிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் கதிரையில் இருந்தால் கால் தசை குறையும், மலச்சிக்கல் கூடும், பயம் கூடும், விழுவதும் கூடும்.

எங்கள் வெயிலுக்குக் காலமையோ பின்னேரமோதான் சரி, அதுவும் குளிசை வேலை செய்கிற நேரம் பார்த்து. கையை வீசி, அடியை வேண்டுமென்றே பெரிதாக வைத்து நடக்கவேண்டும், கையால் ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருந்து பழகவேண்டும், நிலையாக நிற்கிற சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. வாசற்படியில் கால் ஒட்டினமாதிரி நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்க விட்டு, ஒன்று இரண்டு என்று தாளமாக எண்ணுங்கள், அல்லது நிலத்தில் நிறப் பட்டி ஒட்டி அதைத் தாண்டச் சொல்லுங்கள், பலருக்குக் கால் எடுபடும்.

அப்புறம் இரவு. இதைப் பற்றி கிளினிக்கில் யாரும் தாமாக வாய் திறப்பதில்லை, கை நடுக்கத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். இரவில் மருந்தின் வேகம் இறங்கியதும் உடம்பு இறுகி, கட்டிலில் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் புரளவே முடியாமல் போகும். சலத்துக்குப் பல தடவை எழும்பவேண்டும், நுளம்பு வலைக்குள்ளால் இருட்டில் இறங்குவது அவருக்குப் பெரிய வேலை, சட்டென்று எழும்பினால் இரத்த அழுத்தம் விழுந்து தலை சுற்றும். சின்ன விளக்கொன்று எரியட்டும், கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பட்டும், இடுப்பு படுகிற இடத்தில் வழுக்கலான துணி விரித்தால் புரளச் சுகம். இரவுக்குரிய குளிசையை மாற்றித் தரவும் வழியுண்டு, ஆனால் நாங்கள் சொன்னால்தானே வைத்தியருக்குத் தெரியும்.

இதிலும் முக்கியமானது ஒன்று. கனவு காணும்போது எங்கள் தசைகள் இயல்பாகவே செயலற்றுக் கிடக்கும். அந்தப் பூட்டுக் கழன்றுவிட்டால், ஆள் நித்திரையிலேயே கத்துவார், குத்துவார், உதைப்பார், கட்டிலால் விழுவார். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே இது வரக்கூடும். யாழ்ப்பாணத்தில் இப்படிக் கத்தினால் நாங்கள் என்ன சொல்லுகிறோம்? செல்லடிக் காலத்துப் பயம் இன்னும் விடவில்லை என்கிறோம், இல்லையென்றால் கோயிலில் நூல் கட்டுகிறோம். போர் தந்த கெட்ட கனவுகள் இங்கே பலருக்கு உண்மையாகவே உண்டு, அதற்கும் வைத்தியம் வேண்டும். இரவில் கத்துகிற எல்லாருக்கும் பார்கின்சன் வரும் என்றும் இல்லை. எது எது என்று பிரித்துச் சொல்லவேண்டியவர் வைத்தியர். பக்கத்தில் படுக்கிறவர் கண்டதை அப்படியே போய்ச் சொல்லுங்கள், கத்தினவருக்குத் தான் செய்தது பெரும்பாலும் நினைவிருக்காது. கட்டிலருகே கூரான சாமான் எதையும் வைக்காதீர்கள்.

பகலில் நடந்தவருக்கு இரவில் நித்திரை கொஞ்சம் நன்றாக வரும், நித்திரை கொண்டவருக்குத்தான் அடுத்த நாள் நடக்கத் தெம்பிருக்கும். மத்தியானத் தூக்கத்தை நீள விடாதீர்கள்.

சரி, எங்கே நடப்பது? பண்ணைக் கடற்கரைக்கும் பழைய பூங்காவுக்கும் பட்டணத்தில் இருப்பவர் போகலாம். உள் ஒழுங்கைகளில் மூடியில்லாத வாய்க்கால், கட்டாக்காலி நாய், விலகாத மோட்டார் சைக்கிள். ஆனால் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறதே. சமதரையான மண்டபம், சுவர், கதிரைகள், காலமை பேப்பர் பார்க்க வருகிற நாலைந்து பேர். கிழமைக்கு ஒரு நாள் அங்கே பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்து பயிற்சி சொல்லித்தர, மற்ற நாட்களில் அதையே கூட்டாகச் செய்ய ஒழுங்கு பண்ண முடியாதா? சுகாதாரத் துறையினரையும் நிலைய நிர்வாகங்களையும் கேட்கிறேன். வெளிநாட்டிலிருந்து கோயிலுக்கு அனுப்புகிற பிள்ளைகள் இதற்கும் கொஞ்சம் அனுப்பலாம், போனில் கதைக்கும்போது இன்றைக்கு எவ்வளவு நடந்தீர்கள், இரவு எப்படி என்றும் கேட்கலாம். எங்கள் பக்கம் தொடங்குவதென்றால் ஆட்களைச் சேர்க்கவும் கதிரை அடுக்கவும் நான் வருவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோண்டாவில்.