பூதம் கேட்ட கேள்வி

அன்புள்ள சிவம்,

நலம், உன் நலமறிய ஆவல். இங்கே யாழ்ப்பாணத்தில் மாரி பிடித்துவிட்டது. கிணறு கட்டு மட்டத்துக்கு நிரம்பி நிற்கிறது. உன் தமக்கையைப் போன கிழமை திருநெல்வேலிச் சந்தையில் கண்டேன். சுகமாக இருக்கிறா. நீ போன் எடுப்பதில்லை என்று ஒரே குறை.

மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற எனக்குப் பேத்தி ஒரு விளையாட்டுக் காட்டித் தந்திருக்கிறாள். அகினேட்டர் என்று பெயர். 2007 இல் பிரெஞ்சுக்காரர் தொடக்கியது. தலைப்பாகை கட்டிய பூதம் ஒன்று திரையில் நிற்கும். நீ ஒரு கதைமாந்தரை மனதில் நினைக்க வேண்டும். ஆணா, வயது போனவரா என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் பெயரைச் சொல்லும். ஆம், இல்லை, தெரியாது, அநேகமாக ஆம், அநேகமாக இல்லை: இவ்வளவுதான் நமக்குள்ள பதில். ஷெர்லக் ஹோம்ஸை நினைத்தேன், கெதியாகப் பிடித்துவிட்டது.

மாயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கேள்வியும் மிச்ச ஆட்களில் பாதியைக் கழித்தால், 20 கேள்விக்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் ஒருவரைப் பிடிக்கலாம். நீதான் கணக்கு வாத்தியார், பெருக்கிப் பார். தோற்றுப்போனால், யாரை நினைத்தாய் என்று நம்மிடமே கேட்டுப் படித்துக்கொள்ளும். இந்தக் குணம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

பிறகு கண்ணகியை நினைத்தேன். "உங்கள் ஆள் உண்மையானவரா?" என்று கேட்டது. விரல் அப்படியே நின்றுவிட்டது. சிலப்பதிகாரம் படித்தவனாக 'இல்லை' என்று போட்டிருக்கலாம். ஆனால் என் அம்மா பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சிக் கண்ணகை அம்மன் கோயிலில் பொங்கிவிட்டு, கரி பிடித்த பானையைச் சீலைத்துண்டால் சுற்றி மடியில் வைத்தபடி பஸ்ஸில் வருவாவே, உனக்கு ஞாபகம் இருக்கும். கண்ணகை அம்மன் கதையில் வருகிற ஆள் என்று அவவிடம் யார் சொல்வது? "தெரியாது என்று அமத்துங்கோ அப்பப்பா" என்றாள் பேத்தி. அதுவும் பொய்யாகப் பட்டது. 'அநேகமாக ஆம்' என்று போட்டேன்.

வந்தியத்தேவனிலும் இதே கரைச்சல்தான். குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் இலங்கைக்கு வந்தவனோ கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து, கோணி ஊசியால் தைத்த கட்டில் நாம் ஓவியர் மணியத்தின் படத்தோடு பார்த்தவன். எனக்கு அவன்தான் கூட உண்மை. நீ என்ன சொல்கிறாய்?

ஞாயிறு பின்னேரம் வாட்ஸ்அப்பில் வா. பூதம் வேண்டாம், நாம் இருவருமே விளையாடுவோம். ஒரு பெண்ணை நினைத்து வைத்திருக்கிறேன். காப்பியத்தில் வருகிறவள் இல்லை. அதைக் கேட்டு ஒரு கேள்வியை வீணாக்காதே.

அன்புடன்,
பரம்