கியர் ஆயில் வாங்கும்போது ஜிஎல் எண்ணைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

தண்டையார்பேட்டையில் கார் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டாவது கியர் கரகரவென்று விழுகிறது என்று வரும் வண்டிகள் சிலவற்றின் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஆயில்தான் ஊற்றியிருக்கிறது. ஜிஎல் என்பது கியர் ஆயில் எந்த வேலைக்கு என்று சொல்லும் வகை எண். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்தால் மஞ்சள் பொடி மினுக்கும். அது சிங்க்ரோ ரிங்கின், அதாவது கியர் மாற்றும்போது உராய்ந்து வேகத்தைச் சமமாக்கும் வளையத்தின், பித்தளை.

எண் பெரியதென்றால் தரமும் அதிகம் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஜிஎல்-5 டிஃபரன்ஷியலுக்கு, அதாவது இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பாகத்துக்கு, ஏற்றது. அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4ஐ விட அதிகம். சில ஆயில்களில் அது பித்தளையை அரிக்கும். வழுக்கலும் கூடிவிடும், சிங்க்ரோ ரிங் உராய்ந்து பிடிக்காது.

டப்பாவில் இருக்கும் 75டபிள்யூ-90 என்பது ஆயிலின் தடிமனைத்தான் சொல்லும், வகையை அல்ல. வண்டியோடு வந்த புத்தகத்தில் ஜிஎல்-4 என்றிருந்தால் அதையே கேளுங்கள். ஆயில் கடைக்காரர்களும் எந்த வண்டி, கியர்பாக்ஸுக்கா டிஃபரன்ஷியலுக்கா என்று தயவுசெய்து ஒரு வார்த்தை கேட்டுக் கொடுக்க வேண்டும்.

கார் மெக்கானிக்,
தண்டையார்பேட்டை, சென்னை