வாய்க்கால் நீரை அளக்க சென்சார் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாய்க்காலில் ஓடும் நீரை அளக்க வேண்டும் என்று முடிவானதும் பணத்தில் பெரும்பகுதி சென்சாருக்கும் அதன் டிஜிட்டல் திரைக்கும் போய்விடுகிறது. ஆனால் சென்சாருக்குத் தெரிவது நீர்மட்டம் ஒன்றுதான். அதை விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று மாற்றித் தருவது அதன் கீழே கட்டப்பட்டிருக்கும் நாட்ச் (நீர் வழிந்தோட வெட்டுள்ள தடுப்புப் பலகை) அல்லது ஃப்ளூம் (குறிப்பிட்ட வடிவில் குறுக்கப்பட்ட ஓடை). அந்தக் கட்டுமானம் பிசகினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும் பொய்க் கணக்குதான் காட்டும்.

90 பாகை வி-நாட்ச்சில் (V வடிவ வெட்டு) அடிமுனைக்கு மேல் நீர்மட்டம் 20 செ.மீ. இருந்தால் விநாடிக்குச் சுமார் 24.7 லிட்டர் ஓடுகிறது. அரை செ.மீ. கூட்டிப் படித்தால் கணக்கு 26.3 லிட்டராகிவிடும், பிழை 6 சதவீதத்துக்கு மேல். நீர் குறைந்து மட்டம் 5 செ.மீ.க்கு இறங்கும்போது அதே அரை செ.மீ. 27 சதவீதப் பிழையாகிறது.

கூடுதலோ குறைவோ, இந்த அரை செ.மீ. பிழை பெரும்பாலும் பூஜ்ஜியம் குறிக்கும்போதே நுழைந்துவிடுகிறது. நீரை வடியவிட்டு, சொட்டுவது நின்றதும் அந்த மட்டத்தையே பூஜ்ஜியமாக வைப்பது பலரின் வழக்கம். இது தவறு. பரப்பு இழுவிசையால் நீர் நாட்ச்சின் முனையைவிடச் சற்று மேலேயே நின்றுவிடும். அங்கே பூஜ்ஜியம் வைத்தால் அதற்குப் பின் எல்லா அளவும் குறைவாகவே வரும். ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) வைத்து, நாட்ச் முனையில் ஒரு முறையும் அளவுகோலின் அடியில் ஒரு முறையும் ஸ்டாஃபை (அளவு குறித்த கம்பு) நிறுத்திப் பிடித்து வித்தியாசத்தைக் குறிப்பதே சரியான முறை. அளவுகோலை நாட்ச் பலகையை ஒட்டியும் வைக்கக் கூடாது. பலகையை நெருங்கும்போது நீர்ப்பரப்பு சரிகிறது. எதிர்பார்க்கும் அதிகபட்ச மட்டத்தைப் போல் நான்கு மடங்காவது மேற்புறம் தள்ளி வைக்க வேண்டும்.

வண்டல் வரும் வாய்க்காலுக்கு நாட்ச்சைவிட பார்ஷல் ஃப்ளூம் (நடுவில் ‘தொண்டை’ எனப்படும் இடத்தில் குறுகி, பிறகு விரியும் வகை) மேல். அதைப் பதிக்கும்போது தொண்டைக்கு முன்னால் குறுகிவரும் பகுதியின் தரை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ரசமட்டத்துக்கு நிற்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் ஃப்ளூமாக இருந்தால், சுற்றிலும் கான்கிரீட் போடுவதற்கு முன் உள்ளே குறுக்குக் கட்டைகள் கொடுத்து இறுக்குங்கள். இல்லாவிட்டால் கான்கிரீட்டின் அழுத்தத்தில் பக்கச் சுவர்கள் உள்வாங்கி, தொண்டை அகலம் குறைந்துவிடும். அதன் பிறகு தயாரிப்பாளர் தந்த அட்டவணை அந்த ஃப்ளூமுக்குப் பொருந்தாது. மட்டத்தைப் படிக்கும் இடம், குறுகிவரும் பக்கச் சுவரின் நீளத்தில் தொண்டை முனையிலிருந்து மேற்புறமாக மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து கீழ்ப்புறத்தைப் பாருங்கள். கோரையும் குப்பையும் மண்டி நீர் பின்னுக்கு எதிர்த்தால், ஓட்டம் கூடாமலே மட்டம் ஏறும், கருவி அதிகமாகக் காட்டும். 1 முதல் 8 அடி தொண்டை அகலமுள்ள பார்ஷல் ஃப்ளூமில் கீழ்ப்புற நீர்மட்டம் மேற்புற நீர்மட்டத்தின் 70 சதவீதத்தைத் தாண்டினால், மேற்புற அளவுகோல் ஒன்றை மட்டும் வைத்துப் போடும் கணக்கு செல்லாது. நாட்ச்சில் குப்பை சிக்கினாலும் அளவு கூடித் தெரியும். மாறாக, நாட்ச்சின் கூர்விளிம்பு தேய்ந்து மழுங்கினாலோ, மேற்புறம் வண்டல் சேர்ந்து நீர் வேகமாக வந்தாலோ, உண்மையில் ஓடுவதைவிடக் குறைத்துக் காட்டும். எந்தப் பக்கம் பிழை வருகிறது என்பதைக் கொண்டே எங்கே கோளாறு என்று ஊகிக்கலாம்.

ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாருக்கு வெயில் பகை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் ஒலியின் வேகம் சுமார் 0.17 சதவீதம் மாறும். வெப்பத் திருத்தம் உள்ளேயே இருந்தாலும், வெயிலில் காய்ந்த சென்சார் தலை சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், நீருக்கு 1 மீட்டர் மேலே மாட்டிய கருவியில் 17 மி.மீ. பிழை வரும். மேலே ஒரு நிழல் தகடு மாட்டினால் இது பெருமளவு குறையும். உச்ச மட்டத்திலும் நீர்ப்பரப்பு சென்சாரின் குருட்டுத் தூரத்துக்குள் (சென்சாரை ஒட்டி, அதனால் அளக்க முடியாத இடைவெளி) ஏறிவிடாதபடி உயரம் வையுங்கள். சிலந்தி வலையும் நுரையும் எதிரொலியைக் கெடுக்கும். துடைக்க ஆள் வேண்டும்.

பொருத்தி முடித்ததும் கரன்ட் மீட்டரால் (நீரோட்ட வேகம் அளக்கும் கருவி) ஒரு முறை சரிபார்ப்பது அவசியம். அகலமான வாய்க்காலைக் குறுக்கே 20 பகுதிகளுக்குக் குறையாமல் பிரித்து, ஒவ்வொன்றிலும் பரப்பிலிருந்து மொத்த ஆழத்தின் 0.6 பங்கிலோ, ஆழம் போதுமானால் 0.2, 0.8 பங்கு ஆகிய இரண்டிலுமோ வேகம் எடுக்க வேண்டும். ஒரே பகுதியில் மொத்த ஓட்டத்தின் 10 சதவீதத்துக்கு மேல் வந்தால் அதை மேலும் பிரிக்க வேண்டும்.

டெண்டர் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். மட்ட அளவீடு, கீழ்ப்புறத் தூர்வாரல், நிழல் தகடு, ஆண்டுதோறும் பூஜ்ஜியச் சரிபார்ப்பு ஆகிய நான்கையும் கருவி விலையோடு சேர்த்தே கேளுங்கள். சென்சாருக்குப் பக்கத்திலேயே சாதாரண அளவுகோல் ஒன்றைப் பதித்து, மட்டத்துக்கு எத்தனை லிட்டர் என்ற அட்டவணையைக் கரையில் எழுதி வையுங்கள். திரையில் வரும் எண்ணைப் பாசனதாரர் எவரும் தம் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
நீரளவைப் பணியில் உள்ள வாசகர்